வாவிக்கு மேல ஒரு வாவி

போன ஆனி மாத அமாவாசைக்கு முந்தின இரவு நாங்கள் நாலு பேர் களுதாவளைக் கடற்கரையில் குந்தியிருந்தோம். கையில் இருந்தது ஒரு பழைய கெனொன் கமரா, கதவுப் பிணைச்சல் பூட்டின இரண்டு பலகைத் துண்டு, ஒரு நுளம்புச் சுருள், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. சைக்கிளில் வந்த இரண்டு பேர் டோர்ச் அடித்துப் பார்த்தார்கள்.

"என்ன மனே, படம் புடிக்கிறயளா? இருட்டுக்குள்ள என்னத்தப் புடிக்கிற?"

"வானத்த."

"வானத்தில என்ன கிடக்கு?"

அந்த டோர்ச் வெளிச்சத்தில் எங்கட பதினேழாவது படம் பழுதாய்ப் போனது. கேள்விக்கும் சரியான பதில் சொல்ல முடியவில்லை. "நெபுலா" என்றோம். அவர்கள் சிரித்துவிட்டு, பெடல் மிதித்துப் போய்விட்டார்கள். அண்டைக்குச் சொல்ல முடியாமல் போன பதில்தான் இந்தக் கட்டுரை. பதில் கொஞ்சம் நீளம். புதுச்சேரி, லண்டன், கொடைக்கானல் எல்லாம் சுற்றித்தான் திரும்ப எங்கட கடற்கரைக்கு வரும்.

நாங்கள் பிடிக்கப் பார்த்தது எம் 8 என்கிற நெபுலாவை. மூல நட்சத்திரத்துக்கும் பூராடத்துக்கும் இடையில், பால்வீதி தடித்துக் கிடக்கிற இடத்தில் அது இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பொழுது பட்ட கையோடு கடலுக்கு மேலே தென்கிழக்கில் ஏறிவரும். நல்ல இருட்டென்றால் வெறுங்கண்ணுக்கே ஒரு சின்னப் புகைத் திட்டாகத் தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் லகூன் நெபுலா என்று பெயர். நடுவால் ஒரு இருட்டு வாய்க்கால் ஓடுவதைப் பார்த்து, அயர்லாந்தில் பிறந்த வானியல் எழுத்தாளர் அக்னஸ் கிளார்க் 1890இல் வந்த தன் நூலில் லகூன் என்ற சொல்லை அதற்குப் பாவித்தார். லகூன் என்றால் எங்களுக்கு வாவி. ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி, மறுபக்கம் கடல், நடுவில் வெற்றிலைத் தோட்டமும் மணலுமாக ஒரு துண்டு நிலம், அதுதான் எங்கட ஊர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்துகொண்டு, தலைக்கு மேலே இன்னொரு வாவி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் சும்மா இருக்க ஏலுமா?

ஆனால் நாங்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கியது அறிவியல் ஆசையால் இல்லை. 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான். போனில் சார்ஜ் இல்லை, வீட்டுக்குள் புழுக்கம். வெளியே பாய் விரித்துப் படுத்தால் மேலே பார்க்காமல் வேறு என்ன செய்வது?

எம் 8ஐ முதலில் குறித்து வைத்தவர் சிசிலித் தீவின் ஹோடியெர்னா என்கிற பாதிரியார், 1654க்கு முன்னர். அவர் எழுதியது நீண்ட காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1747இல் பிரான்ஸ் நாட்டு கிய்யோம் லெ ஜென்தீல் தானாகவே அதைக் கண்டார். 1764இல் மெசியே தன் பட்டியலில் எட்டாம் இலக்கமாகச் சேர்த்தார். இந்த மூன்று பெயரில் லெ ஜென்தீல்தான் எங்களைப் பிடித்து நிறுத்தினார். இந்த மனிசன் தமிழர் நிலத்துக்கு வந்திருக்கிறார், வந்து படாத பாடு பட்டிருக்கிறார்.

1761 ஜூன் 6இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்க இருந்தது. பூமியில் பல இடங்களில் இருந்து அதை அளந்தால் சூரியனுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். லெ ஜென்தீலுக்கு ஒதுக்கிய இடம் புதுச்சேரி. 1760 மார்ச்சில் பிரான்சில் இருந்து கப்பலேறினார். வந்து சேர முதல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கப்பல் திரும்பியது. வெள்ளி சூரியனைக் கடந்த நேரம் அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பல் தட்டில் நின்றார். அதில் அளவெடுக்க முடியாது. அடுத்த கடப்பு 1769இல். அதுவரை காத்திருப்போம் என்று இந்து சமுத்திரப் பக்கமே நின்றுவிட்டார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டைக்கு மேலே ஒரு அவதான நிலையம் கட்டினார். 1769 ஜூன் 4 விடிய வெள்ளி கடக்க வேணும். முதல் நாள் இரவு வானம் தெளிவு. விடியக் காலையில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் எறித்தது. ஊருக்குத் திரும்பினால், அவர் செத்துப்போய்விட்டார் என்று சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

இந்தச் சோகக் கதை உலகம் முழுக்கத் தெரியும். அதே லெ ஜென்தீல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியரிடம் கிரகணக் கணக்குக் கற்ற கதையை அவ்வளவு பேர் சொல்வதில்லை. அந்தக் கணியர் தாளும் மையும் இல்லாமல் சோழிகளை நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு கணக்குப் பார்த்தார். 1765 ஓகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவின் அப்போதைய மேயர் அட்டவணை 68 விநாடி கூடுதலாக வந்தது. லெ ஜென்தீலே இதை எழுதி வைத்திருக்கிறார். இதை வைத்து "எல்லாம் எங்கட முன்னோருக்குத் தெரியும்" என்று தொடங்குகிற ஆட்களோடு எங்களுக்குச் சண்டைதான். அந்தக் கணியருக்கு நெபுலா தெரியாது, தெரிய வழியும் இல்லை. அவர் கெட்டிக்காரர் என்பது அதனால் குறையவும் இல்லை. எங்களுக்கு மனவருத்தம் வேறொன்றில்: எம் 8ஐக் கண்ட மனிசன் அந்தத் தமிழரிடம் பாடம் கேட்டார், அந்தப் பாடத்தைப் புத்தகத்திலும் போட்டார், ஆனால் சொல்லிக் கொடுத்தவருடைய பெயர் எங்கட வாயில் இல்லை.

இனி நெபுலா என்றால் என்ன என்கிற இடத்துக்கு வருவோம். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு இது புதுசில்லை. ஐதரசன் திருசியம், பாமர் தொடர், மூன்றாம் மட்டத்தில் இருந்து இரண்டாம் மட்டத்துக்கு இலத்திரன் விழுந்தால் சிவப்பு ஒளி, 656.3 நனோமீற்றர். சோதனைக்காகப் பாடமாக்கி, சோதனை முடிய மறந்தோமே, அதேதான். எம் 8க்கு உள்ளே சூடான இளம் விண்மீன்கள் இருக்கின்றன. அவற்றின் புறஊதாக் கதிர் சுற்றியுள்ள ஐதரசன் அணுவில் இருந்து இலத்திரனைப் பிடுங்கிவிடும். அந்த இலத்திரன் திரும்பவும் ஒரு அணுவோடு சேர்ந்து, படி படியாக இறங்கும்போது ஒளியைக் காலும். அதனால்தான் எங்கட பாடப்புத்தகத் தமிழில் இது காலல். காலல் நெபுலா என்று சொன்னால் தமிழ்நாட்டு நண்பர்கள் முழிக்கிறார்கள், அவர்களுக்கு அது உமிழ்வு. கால் என்றால் கக்குவது என்று விளக்கினால் ஒத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குக் காலல் என்ற சொல்லே பிடிக்கிறது.

இப்ப ஒரு வேடிக்கை. எம் 8 காலுகிற ஒளியில் சிவப்புத்தான் மிச்சம் பிரதானம். படங்களில் எல்லாம் செம்பருத்திப் பூ நிறத்தில் இருக்கும். ஆனால் தொலைகாட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம். இருட்டில் எங்கட கண் வேலை செய்கிற விதம் அப்படி. மங்கல் வெளிச்சத்துக்கு உதவுகிற கண் கலங்களுக்கு அந்தச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. மனிதர் நெபுலாக்களை முந்நூறு வருஷமாகப் பார்த்தார்கள், சிவப்பை மட்டும் பார்க்கவில்லை. அதைக் கண்டது கடைசியில்தான், அதுவும் கண்ணால் இல்லை.

முதலில் நெபுலா வாயுவா, விண்மீன் கூட்டமா என்பதே வழக்காக இருந்தது. பெரிய தொலைகாட்டி வந்தால் எல்லாம் விண்மீனாகப் பிரிந்து தெரியும் என்று நம்பினவர்கள் அதிகம். வழக்கைத் தீர்த்தவர் வில்லியம் ஹகின்ஸ். லண்டனில் குடும்பத்தின் துணிக்கடையை விற்றுவிட்டு, வீட்டு வளவிலேயே தொலைகாட்டி வைத்துக்கொண்ட ஒரு ஆர்வலர். 1864 ஓகஸ்ட் 29 இரவு, டிராகோ மண்டலத்தில் இருக்கிற ஒரு நெபுலாவின் ஒளியை அரியத்தால் பிரித்துப் பார்த்தார். விண்மீன் என்றால் வானவில் மாதிரி ஒரு பட்டை தெரிய வேணும். அவருக்குத் தெரிந்தது தனித் தனிக் கோடு. ஆக அது வாயு, வழக்கு முடிந்தது. ஆனால் அதிலே ஒரு பச்சைக் கோடு எந்த மூலகத்தோடும் பொருந்தவில்லை. சரி, புது மூலகம் என்று முடிவு கட்டி நெபுலியம் என்று பெயரும் வைத்தார்கள்.

அந்தக் காலம் புதுக் கோடுகளின் காலம். 1868 ஓகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம் சென்னை மாகாணத்தின் வடக்கால் போனது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் நின்றார். மசூலிப்பட்டினத்தில் சென்னை அவதான நிலையத்தின் நோர்மன் போக்சன் நின்றார். சூரியனின் விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு பிறகு ஹீலியம் என்றானது. 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் ஆங்கிலேயக் குழுக்கள் வந்து இறங்கின. சூரியனின் ஒளிவட்டத்தில் இருக்கிற இன்னொரு பச்சைக் கோடும் அவர்கள் பார்க்க வந்தவற்றில் ஒன்று. அதற்குக் கொரோனியம் என்று பெயர் வைத்தார்கள். ஹீலியம், நெபுலியம், கொரோனியம் என்று மூன்று புது மூலகம். இதில் ஹீலியம் மட்டும்தான் உண்மை. மற்ற இரண்டும் பழைய சாமான், புது வேஷம். கொரோனியம் என்றது இலத்திரன் நிறைய இழந்த இரும்பு. நெபுலியம் என்றது இரண்டு இலத்திரன் இழந்த ஒட்சிசன் என்று ஐரா போவன் 1927இல் காட்டினார், ஹகின்ஸ் பார்த்து 63 வருஷத்துக்குப் பிறகு. நாங்கள் மூச்சு விடுகிற அதே ஒட்சிசன்தான். நெபுலாவில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் சில நூறு, சில ஆயிரம் அணு மட்டும் இருக்கும். ஒன்றோடொன்று முட்டாமல் ஆறுதலாக இருக்க முடிகிறதால், பூமியில் காலமுடியாத ஒளியை அங்கே காலுகிறது.

சரி, படத்துக்கு வருவோம். நெபுலாவை முதலில் படம் பிடித்தவரும் ஆர்வலர்தான். ஹென்றி டிரேப்பர், அமெரிக்க டொக்டர். 1880 செப்டெம்பர் 30 இரவு ஓரியன் நெபுலாவை ஏறத்தாழ 50 நிமிஷம் தட்டில் விழ விட்டார். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் ஊதிப் போன ஒரு கறை மாதிரித்தான் இருக்கும். (எங்கட முதல் படமும் அப்படித்தான். எங்களுக்கும் ஹென்றி டிரேப்பருக்கும் அந்த அளவில் ஒற்றுமை.) 1883இல் இங்கிலாந்தில் கழிவுநீர்ப் பொறியியல் வேலை பார்த்த ஆண்ட்ரூ கொமன், தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த 36 அங்குலத் தொலைகாட்டியால் அதே நெபுலாவைப் பிடித்தார். அதில் எந்தத் தொலைகாட்டியாலும் கண்ணால் பார்க்க முடியாத விண்மீன்கள் விழுந்திருந்தன. இது சின்ன விசயமில்லை. அதுவரை படம் என்றால் கண் கண்டதைப் பதிகிற சாமான். அண்டையில் இருந்து கண்ணை விட அது கூடப் பார்த்தது. கண் ஒவ்வொரு கணமும் ஒளியைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பார்க்கும். தட்டு சேர்த்து வைக்கும், உண்டியல் மாதிரி.

டிரேப்பர் 45 வயதில் செத்துப் போனார். மனைவி அன்னா தன் பணத்தை ஹார்வர்ட் அவதான நிலையத்துக்குக் கொடுத்து, கணவரின் வேலையைத் தொடரச் செய்தார். அங்கே தட்டுகளைப் படித்தவர்கள் பெண்கள். அதில் ஒருவர் வில்லியமினா ஃப்ளெமிங். ஸ்கொட்லாந்தில் இருந்து வந்து, கணவன் கைவிட்டுப் போக, அவதான நிலையத் தலைவரின் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். 1888இல் எடுத்த ஒரு தட்டில் ஒளிரும் வாயுவுக்கு முன்னால் ஒரு கறுப்புப் பள்ளத்தைக் கண்டு குறித்து வைத்தார். இன்றைக்கு எல்லாருடைய போன் வோல்பேப்பரிலும் இருக்கிற குதிரைத்தலை நெபுலா அதுதான். அடுத்து வந்த பெரிய பட்டியலில் அவருடைய பெயர் போடப்படவில்லை. எங்கட அம்மாமாருக்கு இந்தக் கதையைச் சொன்னால் அதிசயப்படவே மாட்டார்கள்.

ஆனால் இந்தத் தட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு குறை. அவை நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டும் கூசின. சிவப்புக்குக் குருடு. டிரேப்பரும் கொமனும் பிடித்தது ஓரியன் நெபுலாவின் நீலப் பங்கை. அந்தச் செம்பருத்தி நிறம் வானம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது, கண்ணுக்கும் இல்லை, தட்டுக்கும் இல்லை.

சிவப்பை வழமையாகப் படம் பிடிக்கத் தொடங்கிய இடங்களில் ஒன்று எங்களுக்கு மிகக் கிட்ட இருக்கிறது: கொடைக்கானல். பழனி மலையில் 1899இல் தொடங்கிய சூரிய அவதான நிலையத்தில், 1912 முதல் சூரியனை ஐதரசனின் இந்த 656.3 ஒளியில் மட்டும் பிரித்துப் படமெடுத்தார்கள். சூரியனிடம் வெளிச்சம் தாராளம், சிவப்புக்குப் பழக்கிய தட்டுப் போதும். அப்போது தலைவராக இருந்தவர் ஜோன் எவர்செட். அவரும் இங்கிலாந்தில் சொந்தமாகக் கருவி வைத்து ஆர்வலராகத் தொடங்கியவர். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அந்தத் தட்டுகளை இப்போது கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் கொடைக்கானலில் ஏரியில் படகு விட்டு, ஹோம்மேட் சொக்லேட் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். எங்களில் ஒருவரும் அப்படித்தான் திரும்பி வந்தார், இன்னும் அதற்காகத் திட்டு வாங்குகிறார்.

சூரியனுக்கு வெளியே, மங்கலான நெபுலாக்களை அந்தச் சிவப்பில் தேட இன்னும் நாற்பது வருஷம் போனது. ஆஸ்திரேலியாவில் கொலின் கம் என்கிற இளைஞர், சிவப்பை மட்டும் விடுகிற பில்டரை வைத்துத் தென் வானத்தை வரிசையாகப் படமெடுத்தார். அவருடைய பட்டியல் 1955இல் வந்தது. அவர் கண்டதில் ஒன்று வானத்தில் ஏறத்தாழ 36 பாகை அகலம், எழுபது முழு நிலவை அருகருகே அடுக்கினால் வருகிற அகலம். அவ்வளவு பெரிய சாமானை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. ஒளிந்திருக்கவில்லை, எல்லாருக்கும் மேலேதான் கிடந்தது, எங்கட ஊருக்கு மேலேயும். அதை இப்போது கம் நெபுலா என்கிறோம். அவர் 1960இல் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். வயது நாற்பதுக்குக் கீழே.

அதே 1955இல் எங்கட நாட்டுக்கும் வானியல் ஆட்கள் வந்தார்கள். ஜூன் 20 முழுக் கிரகணம் இலங்கைக்கு மேலால் போனது. விண்மீன் ஒளி சூரியனுக்குக் கிட்ட வளைகிறதா என்று ஐன்ஸ்டைனின் கணக்கைச் சோதிக்க, கேம்பிரிட்ஜில் இருந்து வொன் க்ளூபரின் குழுவும் வந்தது. மேகம். லெ ஜென்தீலுக்கு நடந்ததேதான். இந்தப் பக்க மேகத்துக்கு வெளிநாட்டு வானியலாளர்களோடு ஏதோ பழைய கோபம் போல.

மேகத்தைப் பற்றி எங்களுக்கும் ஒரு முறைப்பாடு உண்டு. உலகம் முழுக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு "ஓரியன் நெபுலாவில் தொடங்கு, டிசம்பர், ஜனவரியில் பிடி" என்பார்கள். எங்களுக்கு அது வாடைக் காற்றும் மாரி மழையும். மாசி பிறந்தால்தான் வானம் வெளிக்கும். எம் 8 வருகிற காலம் கச்சான் காற்றுக் காலம், வரண்ட வானம். ஆகவே எங்கட பக்கத்தில் தொடங்க வேண்டியது எம் 8இல் என்பது எங்கட கட்சி. இன்னொரு வசதி, நாங்கள் ஏழரைப் பாகை வடக்கில் இருக்கிறோம். வடக்கு வானத்தின் வட அமெரிக்கா நெபுலாவும் தெரியும், ஐரோப்பியர் வாழ்நாளில் பார்க்க முடியாத கரைனா நெபுலாவும் தெற்கே 22 பாகை உயரத்துக்கு ஏறும். வேணு பாப்பு 1960களில் தமிழ்நாட்டின் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கும் தெற்கு வானம் தெரிகிறது என்பது ஒரு காரணம். நாங்கள் காவலூருக்கும் தெற்கே இருக்கிறோம்.

வசதிக்கு ஒரு விலையும் உண்டு. கமராவை விண்மீனோடு சேர்த்துத் திருப்ப வேணும், இல்லாவிட்டால் பூமி சுற்றுகிற சுற்றில் விண்மீன் கோடாக இழுபடும். திருப்பும் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேணும். எங்களுக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்தில் இருந்து ஏழரைப் பாகைதான். ஒரு தென்னை மரம் போதும் அதை மறைக்க. தென்னை இல்லாத இடத்தில் கடற்புகை மறைக்கும். முதல் மூன்று இரவும் அதைத் தேடியே போனது. கடைசியில் திசையறி கருவியை வைத்து வடக்கைப் பிடித்து, பாகைமானியால் சரிவை வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினோம்.

எங்கட கருவி ஸ்கொட்லாந்தின் ஜோர்ஜ் ஹெய்க் 1975இல் ஒரு சஞ்சிகையில் வெளியிட்ட யோசனை. இரண்டு பலகை, ஒரு பிணைச்சல், ஒரு திருகாணி. ஆணியின் புரியிடை ஒரு மில்லிமீற்றர் என்றால், பிணைச்சலில் இருந்து 22.9 சென்ரிமீற்றர் தூரத்தில் ஆணியைப் பூட்டி, நிமிஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேணும். அப்போது மேல்ப் பலகை வானத்தின் வேகத்தில் திறக்கும். தச்சு வேலை செய்கிற மாமா ஒருவர் அரை மணித்தியாலத்தில் செய்து தந்தார். "இது என்னத்துக்குகா?" என்று கேட்டார். "பூமி சுத்துறதை நிப்பாட்ட" என்றோம். காசு வாங்கவில்லை.

பிலிம் காலத்து ஆர்வலர்கள் பட்ட பாட்டோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. அவர்கள் பிலிமை ஐதரசன் கலந்த வாயுவில் சூடாக்கி ஊற வைத்தார்கள், மங்கல் ஒளிக்கு அது கூச வேணும் என்று. பிறகு தொலைகாட்டியில் ஒரு கண்ணை வைத்து, ஒரு மணித்தியாலம் அசையாமல் விண்மீனைக் குறுக்குக் கம்பியில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு நுளம்பு கடித்தால் படம் போச்சு. டிஜிட்டல் வந்தது எல்லாவற்றையும் லேசாக்கியது, ஆனால் பழைய குருடு வேறு வேஷத்தில் திரும்ப வந்தது. கடையில் விற்கிற கமராவுக்குள், மனித முகம் இயல்பான நிறத்தில் வர வேணும் என்று ஒரு பில்டர் வைத்திருப்பார்கள். அது 656.3 சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடும். 2005இல் கெனொன் வானத்துக்கென்றே அந்தச் சிவப்பை விடுகிற 20டீஏ என்ற கமராவை விட்டது. மற்றவர்கள் கமராவைக் கழற்றிப் பில்டரை மாற்றுகிறார்கள். 2022க்குப் பிறகு இந்த நாட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற விலைக்கு, இருக்கிற ஒரே கமராவைக் கழற்ற எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. கலியாண வீட்டுக்குப் படம் எடுத்துக் காசு பார்க்கிற கமரா அது.

ஆகவே வெட்டுப்பட்டு மிஞ்சின சிவப்பைச் சேர்த்தோம். முப்பது விநாடிப் படம் நூறு எடுத்து, சிரில் என்கிற இலவச மென்பொருளில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினால், இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். நாங்கள் எடுத்தது 83, டோர்ச் பட்டது, மேகம் பட்டது, ஆணி சுற்ற மறந்து கதைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கழித்து 61. மூன்றாம் நாள் பின்னேரம் கணினித் திரையில் ஒரு சிவப்புத் திட்டு வந்தது. நடுவால் ஒரு கறுத்த கோடு. வாய்க்கால்.

இந்தச் சின்னப் படத்தால் அறிவியலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆர்வலர் என்றால் பொழுதுபோக்கு என்று முடித்துவிடவும் வேண்டாம். 2022இல் ட்ரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னர், செயின்டி என்று மூன்று ஆர்வலர்கள் அந்திரோமிடா விண்மீன் மண்டலத்தைப் பச்சை ஒட்சிசன் ஒளியில் பல மணித்தியாலம் படம் பிடித்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய ஒளி வில் தெரிந்தது. வானத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட இடங்களில் ஒன்று அது. ஒருவரும் அதற்கு முன் அந்த வில்லைக் கண்டதில்லை.

எங்களுக்குப் பயம் வேறு. ஊரில் இப்போது றோட்டுக்கு றோட்டு வெள்ளை எல்.ஈ.டி. லைற். பழைய மஞ்சள் லைற்றை விட வெள்ளை வெளிச்சம் வானத்தை மோசமாகக் கழுவும். கிழமைக்கு கிழமை பால்வீதியின் கீழ்ப் பக்கம் கரைகிறது. "லைற்றை நிப்பாட்டுங்கோ" என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. இரவு வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த லைற் வேணும். பாம்புக்கும் வேணும். மறைப்பு வைத்துக் கீழே மட்டும் அடிக்கிற மாதிரிப் பூட்டலாம், அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.

இருட்டை நாங்கள் புகழ்ந்து பேசினால் ஊரில் மூத்தவர்களுக்கு முகம் மாறும். எங்களில் ஒருவரின் அம்மப்பா வெற்றிலைத் தோட்டக்காரர். சண்டைக் காலத்தில் வருஷக்கணக்காகக் கரண்ட் இல்லாமல், குப்பி விளக்கையும் ஊதி அணைத்துவிட்டு இருந்தவர். அந்த இருட்டு எவ்வளவு நல்ல வானமாக இருந்திருக்கும் என்று ஒரு முறை எங்களில் ஒருவர் வாய் தவறிச் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. "மேல பாத்தா பரா லைற் எரியும். மறுகா ஓட வேண்டியதுதான். ஆர் மனே நச்சத்திரம் பாத்த?" என்றார்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினது அவரிடம்தான். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வெளிச்சம் எப்ப வெளிக்கிட்டது?"

"நாலாயிரம் வருஷத்துக்கு மேல, அம்மப்பா."

"அப்ப தொண்ணூறாம் ஆண்டும் இது இஞ்சதான் நிண்டதா?"

"ஓம். ஆனியில கடலுக்கு மேல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எந்தப் பக்கம் என்று கேட்டார். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். றோட்டு லைற் கண்ணில் அடித்தது. கையை நெற்றிக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு தென்கிழக்கைப் பார்த்தார். எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வாற அமாவாசைக்குத் தோட்டத்துக் கிணத்தடிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே லைற் இல்லையாம், வடக்குப் பக்கம் தென்னையும் இல்லையாம்.